எடை குறைக்கும் ஊசி: இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி ட்ரையல் ரிசல்ட்டைப் படிங்க

பொங்கலுக்கு வெள்ளக்கடை போயிருந்தேன். சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு, அப்புறம் காபித் தோட்டம், மிளகுக் கொடின்னு எங்க ஊர். சாப்பாடு முடிஞ்சதும் சித்தி பையன் என்னைத் தனியா கூப்பிட்டான். பெங்களூர்ல ஐடி வேலை, வயசு 27.

"அண்ணா, ஒரு விஷயம் கேக்கணும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

கடன் விவகாரம்னு நினைச்சேன். கிட்டத்தட்ட அதேதான். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கப் போறானாம். கையில் வாங்கும் சம்பளம் 58,000 ரூபாய். கிரெடிட் கார்டில் வாங்கி இஎம்ஐயா மாத்திக்கலாமா? இல்லன்னா புது மருந்துக்கு எங்கயோ கிளினிக்கல் ட்ரையல் நடக்குதாம், அதுல சேர்ந்தா இலவசமாமே, அது பரவாயில்லையா? இதுதான் கேள்வி.

சிரிச்சுட்டுப் போற கேள்வி இல்லை இது. அவன் உயரம் 170 செ.மீ., எடை 100 கிலோ. பிஎம்ஐ 34.6. சித்தப்பாவுக்கு சுகர்ல ஒரு கால் விரலையே எடுத்தாச்சு. அவன் அழகுக்காகக் கேக்கல, பயந்து போய்க் கேக்கறான்.

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். மருந்து உங்களுக்கு ஒத்துக்குமா, வேணுமா என்பதை டாக்டர்தான் சொல்லணும். ஆனா ட்ரையல் ரிசல்ட் என்பது ஒரு எண் அறிக்கை. மியூச்சுவல் ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டைப் படிக்கத் தெரிஞ்சவங்க இதையும் படிக்கலாம். படிக்காம பணம் போடுறதுதான் என் கவலை.

ரிட்டர்ன் எவ்வளவு?

மௌன்ஜாரோ என்ற பெயரில் விக்கும் டிர்செபடைடை எடுத்துக்குவோம். 2022-இல் வெளியான சர்மவுண்ட்-1 ட்ரையலில் 2,539 பேர்; இந்தியாவும் பங்கேற்ற நாடுகளில் ஒன்று. 72 வாரம் கழிச்சு, 5 மி.கி. போட்டவங்க சராசரியா 15 சதவீத எடை இழந்தாங்க. 15 மி.கி. போட்டவங்க 20.9 சதவீதம். மருந்தே இல்லாத டம்மி ஊசி போட்டவங்களும் 3.1 சதவீதம் குறைஞ்சாங்க, ஏன்னா எல்லாருக்குமே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தாங்க. இந்த 3.1 தான் பெஞ்ச்மார்க். 5 மி.கி. மருந்து சம்பாதிச்சுக் கொடுத்தது 15-இல் 3.1 போக மீதி, அதாவது 11.9 சதவீதம்.

இப்போ செலவு. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தப்போ 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். வாரம் ஒண்ணு. செப்டம்பரில் மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாச்சு. கணக்குக்கு அறிமுக விலையையே வச்சுக்கறேன். முதல் 4 வாரம் சின்ன டோஸ் 14,000. மீதி 68 வாரம் 2,97,500. மொத்தம் 3,11,500 ரூபாய். 100 கிலோ ஆளுக்கு, பெஞ்ச்மார்க் கழிச்சு 11.9 கிலோ. கிலோவுக்கு சுமார் 26,000 ரூபாய். மாசக் கணக்கில் 17,500, அவன் சம்பளத்தில் 30 சதவீதம். பெங்களூர் வாடகைக்கு மேல இன்னொரு வாடகை.

நிறுத்தினா என்ன ஆகும்?

விளம்பரத்தில் இல்லாத வரி இதுதான். செமாக்ளூடைடுக்கான ஸ்டெப்-1 ட்ரையலில் 1,961 பேர், 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத இழப்பு. அதில் 327 பேரை மருந்தை நிறுத்தின பிறகும் ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. மருந்து எடுத்திருந்தவங்க இழந்திருந்தது 17.3 சதவீதம். ஒரு வருஷத்துல 11.6 திரும்பி வந்துடுச்சு. மூணில் ரெண்டு பங்கு. டிர்செபடைடிலும் இதே கதைதான். சர்மவுண்ட்-4 ட்ரையலில் 36 வாரம் போட்டுட்டு டம்மிக்கு மாறினவங்களுக்கு எடை 14 சதவீதம் ஏறுச்சு. விடாம தொடர்ந்தவங்களுக்கு இன்னும் 5.5 சதவீதம் குறைஞ்சுது.

அதனால இதை ஒரு தடவை செலவுன்னு நினைக்காதீங்க. பிரஷர் மாத்திரை மாதிரி தொடர் செலவு. ஆறு மாச இஎம்ஐ போட்டு, ஏழாவது மாசம் பணம் தீர்ந்து நிறுத்தினா, கடனும் மிச்சம், எடையும் மிச்சம். இஎம்ஐ வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேற. தவணையா மாத்தாம கார்டு பாக்கியை இழுத்தடிச்சா, மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி போடும் கார்டுகள்தான் அதிகம்.

அப்போ மருந்தே வேண்டாமா?

அப்படிச் சொன்னா நானும் பாதி உண்மைதான் சொல்றேன்னு அர்த்தம். சர்மவுண்ட்-1-இல் சுகர் வரும் எல்லையில் இருந்த 1,032 பேரை மூணு வருஷத்துக்கு மேல தொடர்ந்தாங்க. மருந்து எடுத்தவங்களில் 1.3 சதவீதம் பேருக்குத்தான் டைப் 2 சுகர் வந்துச்சு. டம்மி குழுவில் 13.3 சதவீதம். செமாக்ளூடைடின் செலக்ட் ட்ரையல் 2023-இல் வந்தது. ஏற்கெனவே இதய நோய் இருந்த, சுகர் இல்லாத 17,604 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் சேர்த்து 20 சதவீதம் குறைஞ்சது. சித்தப்பா காலைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு 1.3-க்கும் 13.3-க்கும் நடுவுல உள்ள வித்தியாசம் வெறும் எண் இல்லை. சோம்பேறிகளுக்கான ஊசின்னு கிண்டல் பண்றவங்க இந்த வரியைப் படிக்கணும்.

படிக்கும்போது ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, இவை மருந்து நிறுவனங்களே பணம் போட்டு நடத்தின ட்ரையல்கள். வாந்தி, குமட்டல் பகுதியையும் பாருங்க: ஸ்டெப்-1-இல் மருந்து எடுத்தவங்களில் சுமார் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல். ரெண்டு, எடை குறைப்பு மருந்துகளின் பழைய வரலாறு அவ்வளவு நல்லா இல்லை. சிபுட்ராமின் பல வருஷம் விற்பனையில் இருந்தது. சுமார் 10,000 பேரிடம் நடத்தின ஸ்கவுட் ட்ரையலில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுறது தெரிஞ்ச பிறகுதான் 2010-இல் பல நாடுகளில் எடுத்தாங்க. இந்தியா 2011-இல் தடை செஞ்சது. ரிமோனபன்ட் 2009-இலேயே இங்க தடை. அனுமதி கிடைச்ச பிறகும் ட்ரையல் ஏன் தொடரணும்னா இதனாலதான்.

இலவச ட்ரையல்?

"இலவச ஊசி"ன்னு நினைச்சு சேராதீங்க. சர்மவுண்ட்-1-இல் நாலு பேரில் ஒருத்தருக்கு டம்மி. ஸ்டெப்-1-இல் மூணில் ஒருத்தருக்கு. ஒண்ணரை வருஷம் ஊசி போட்டும் அதில் மருந்து இருந்துச்சா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, உங்க டாக்டருக்கும் தெரியாது. மையத்துக்கு அடிக்கடி போகணும், அதுக்கு லீவு போடணும். வெள்ளக்கடையில் உக்காந்து வொர்க் ஃப்ரம் ஹோம் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு விசிட்டும் மலை இறங்கி ஏறுற ஒரு முழு நாள்.

ஆனாலும் யாரோ சேர்ந்ததால்தான் மேல சொன்ன எண்களே நமக்குக் கிடைச்சது. தெரிஞ்சு, தன்னார்வலரா சேர்றதுன்னா அது மரியாதைக்குரிய விஷயம். சேரும் முன் இதைப் பாருங்க:

1. சிடிஆர்ஐ பதிவு எண் இருக்கா? 2009 ஜூன் முதல் இந்தியாவில் இது கட்டாயம். தளத்தில் யாரும் இலவசமா தேடலாம்.
2. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கணும். ஒரு நகல் வாங்குங்க. எப்போ வேணாலும் விலகலாம்.
3. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி ட்ரையலால் பாதிப்பு வந்தா இலவச சிகிச்சையும், இழப்பீடும் உண்டு. யார் பொறுப்புன்னு படிவத்தில் பெயரோட இருக்கான்னு பாருங்க.
4. ட்ரையல் முடிஞ்ச பிறகு மருந்து கிடைக்குமா? எழுத்தில் கேளுங்க.
5. சேர உங்ககிட்ட பணம் கேட்டா, எழுந்து வந்துடுங்க.

இன்சூரன்ஸ், வரி

வீட்ல போட்டுக்கற ஊசிக்கு ஆபீஸ் குரூப் பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. ஓபிடி கவர் இருக்கான்னு எச்ஆர்ட்ட கேளுங்க. உடல் பருமன் அறுவை சிகிச்சைக்குக் கூட பிஎம்ஐ 40, அல்லது 35-உடன் குறிப்பிட்ட தீவிர நோய்கள் இருக்கணும் என்பதுதான் பாலிசிகளில் உள்ள பொது நிபந்தனை. 34.6-க்கு அதுவும் இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்கான வரிக் கழிவில் இந்த ஊசி பில்லைக் காட்ட முடியாது. புது வரி முறையில் அந்தக் கழிவே கிடையாது.

அவனுக்கு நான் சொன்னது

முதல்ல சேலத்துலயோ பெங்களூர்லயோ ஒரு நல்ல சுகர் டாக்டரைப் பார். மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் எடு. அந்த எண் எல்லையில் இருந்தா, இது ஆசைச் செலவு இல்லை, அவசியச் செலவு. டாக்டர் உடனே ஆரம்பிக்கணும்னு சொன்னா, கோவா டிரிப்பையும் புது போனையும் வெட்டு, கார்டைத் தொடாதே.

அவசரம் இல்லைன்னு சொன்னா, கொஞ்சம் பொறு. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிஞ்சது. பல இந்திய நிறுவனங்கள் அதுக்காக வரிசையில் நின்னுச்சு. போட்டி வாசனை வந்ததுமே, 2025 நவம்பரில் வீகோவியின் ஆரம்ப டோஸ் மாசம் 17,345-லிருந்து 10,850-க்கு இறங்குச்சு. அதுவரைக்கும் மாசம் 10,000 தனி அக்கவுண்டில் போடு. குறைஞ்சது ஒண்ணரை வருஷத்துக்குத் தாங்கும்னு தெரிஞ்ச பிறகு ஆரம்பி. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதே.

கடைசியா, அம்மாகிட்ட சொல்லு. டம்மி குழுவின் 3.1 சதவீதம் சாப்பாட்டிலும் நடையிலும் வந்தது. நீ லீவுக்கு வந்தா தட்டில் சோறு வைக்கிறது அவங்கதான்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனான். சொன்னானான்னு நான் கேக்கல. மறுநாள் காலையில் சித்தி எனக்கு மூணு நெய் தோசை வச்சாங்க, அவனுக்கு ரெண்டு இட்லி.