யூரியா எறிய முதல் ஒரு கிளாஸ் தண்ணீர்



மாரிக் காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு, நெல்லின் இலைநுனி மஞ்சளாகி, ஓரம் வழியே கீழிறங்கி, வைக்கோல் நிறத்தில் காயும். தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் வயல் செய்கிறவர்கள் கண்டிருப்பீர்கள். "பசளை காணாது" என்று நாம் உடனே யூரியாவை எறிகிறோம். அது பற்றீரியாவால் வந்த இலை வெளிறல் என்றால், கூடுதல் யூரியா நோயைத்தான் வளர்க்கும். பங்கசுக்கு அடிக்கும் மருந்தும் கேட்காது. 2021 பசளைத் தடையில் பட்ட பாட்டுக்குப் பிறகும் யூரியாவை இப்படி வீணாக்கலாமா?

அந்தப் பற்றீரியாவின் முழு ஜீனோமையும் 2005இல் தென்கொரிய விஞ்ஞானிகள் வாசித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 49 இலட்சம் எழுத்துகள். இப்படியான ஆய்வுகளால் கிருமியின் புரதங்கள் செய்யும் வேலை தெரியவந்தது. ஊசி போன்ற ஒரு குழாயால் அது சில புரதங்களை நெல்லின் கலத்துக்குள் செலுத்துகிறது. அவை நெல்லின் பரம்பரையலகிலேயே போய்ப் பொருந்தி, சீனியை வெளியே விடும் கதவைத் திறக்கின்றன. கள்ளச்சாவி மாதிரி. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்ற கணக்கு 2009இல் பிடிபட்டது.

கள்வன் இலை நரம்புக்குள் இருக்கும்போது வெளியே மருந்து அடித்து என்ன பயன்? பூட்டை மாற்ற வேண்டும். ஹைதராபாத் விஞ்ஞானிகள் சம்பா மசூரி நெல்லில் மூன்று எதிர்ப்புப் பரம்பரையலகுகளைச் சேர்த்து, 2008இல் புதிய இனமாக வெளிவந்தது. அதில் ஒன்று, சாவி பொருந்தாத பூட்டு.

ஆனால் ஊருக்கு ஊர் கிருமியின் சாவிகள் வேறு. அங்கே தாங்கும் நெல் இங்கே தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே நம் வயல்களின் கிருமியையும் வாசித்தாக வேண்டும் என்பதே நம் கருத்து. உயர்தரத்தில் உயிரியல், விவசாயம் படிக்கும் நம் பிள்ளைகள் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் வரை போய் இதைச் செய்யலாம். "டொக்டர் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்று அவர்களை மடக்காதீர்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று. நோய் பிடித்த இலையை வெட்டி, தெளிந்த தண்ணீர்க் கிளாஸில் வையுங்கள். வெட்டுவாயிலிருந்து கலங்கலாக வழிந்தால் பற்றீரியாவைச் சந்தேகியுங்கள். யூரியாவை நிறுத்திவிட்டு, இலையோடு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மருந்துக் கடைக்குப் பிறகு போகலாம்.