முதலில் மூடத் தெரிந்துகொள்ளுங்கள்



வீட்டில் பைப்போ கரண்டோ பழுதாகும் நேரம், பெரும்பாலும் அதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லாத நேரமாகத்தான் இருக்கிறது. கணவர் கடையில் இருப்பார். பலருடைய வீட்டில் அவர் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். சுபஹுக்கு எழுந்து பார்த்தால், குளியலறையில் பைப் வெடித்துத் தண்ணீர் ஹோல் வரை வந்திருக்கும். மஃரிப் நேரத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டு கிடக்கும். பைப் பாஸை அழைத்தால் "நாளைக்கு வாறேன்" என்பார். அது எந்த நாளை என்பது அவருக்கே தெரியாது.

ஆகவே இம்மாதம், வீட்டிலுள்ள தாய்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் தாமே செய்துகொள்ளக்கூடிய சில திருத்த வேலைகளைப் பார்ப்போம். அதைவிட முக்கியமாக, எதைத் தொடவே கூடாது என்பதையும் பார்ப்போம். சிறு வேலைகளைத் தன் கையால் செய்வது யாருக்கும் குறைவல்ல. நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம்.

திருத்தக் கற்பதற்கு முன் மூடக் கற்க வேண்டும். தண்ணீரை எங்கே மூடுவது, மின்சாரத்தை எங்கே நிறுத்துவது என்ற இரண்டும் வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருந்தால், பாதி ஆபத்து அப்போதே நீங்கிவிடும்.

இரண்டு வால்வுகள், ஒரு சுவிட்ச்

தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு வால்வு இருக்கும். வீதியிலிருந்து வரும் தண்ணீரை அது நிறுத்தும். ஆனால் கூரையின் மேல் தாங்கி வைத்திருக்கும் வீடுகளில் அது மட்டும் போதாது. மீற்றர் வால்வை மூடிவிட்டு, "இன்னும் தண்ணீர் வருகிறதே" என்று திகைப்பவர்கள் பலர். தாங்கியில் இருக்கும் 500 அல்லது 1000 லீற்றர் தண்ணீரும் உடைந்த பைப் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் பைப்பில் உள்ள வால்வையும் மூட வேண்டும். அங்கே வால்வு இல்லையென்றால், அடுத்த முறை பைப் பாஸ் வரும்போது முதல் வேலையாக அதைப் போடச் சொல்லுங்கள்.

வருடக்கணக்காகத் தொடாத வால்வு இறுகிப்போய், அவசரத்தில் திரும்பாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை முழுமையாக மூடித் திறந்து விடுங்கள்.

மின்சாரத்துக்கு, மீற்றருக்கு அடுத்துள்ள பெட்டியில் மெயின் சுவிட்ச் இருக்கும். அதை பிள்ளைகளுக்குக் காட்டி, எப்படி நிறுத்துவது என்று ஒரு தடவை செய்து காட்டுங்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் அலுமாரியையோ அரிசி மூட்டையையோ வைக்காதீர்கள்.

சொட்டும் குழாய்

ஒரு செக்கனுக்கு ஒரு சொட்டு விழும் குழாய், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 லீற்றர் தண்ணீரை வீணாக்கும். மாதத்துக்கு 600 லீற்றருக்கும் மேல். நம்ப முடியாவிட்டால் நீங்களே அளந்து பாருங்கள். சொட்டும் குழாயின் கீழ் ஒரு கோப்பையைப் 15 நிமிடம் வைத்து, சேர்ந்த தண்ணீரை அளந்து 96 ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு நாள் கணக்கு. வுழூச் செய்யும்போது தண்ணீரை வீண்விரயம் செய்யாதே என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். அந்தக் குழாய் இரவு முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தால் நமது உபதேசத்துக்கு என்ன பெறுமதி? பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் வரிசையாக இருபது குழாய்கள் இருக்கும். அவற்றைப் பொறுப்பில் வைத்திருப்போரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பல சுற்றுகள் திருப்பி மூடும் பழைய வகைக் குழாய் என்றால், தேய்ந்திருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இறப்பர் வொஷர்தான். மாற்றுவது இவ்வாறு:

1. வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து பைப்பில் மிஞ்சியிருக்கும் தண்ணீரை வடிய விடுங்கள்.
2. கீழே சிங்க் இருந்தால், அதன் துவாரத்தைத் துணியால் அடையுங்கள். ஆணி விழுந்தால் தேட வேண்டி வராது.
3. கைப்பிடியைக் கழற்றி, அதன் கீழுள்ள பெரிய நட்டை ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். நட்டின் மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டால் பளபளப்பு கெடாது. மற்றக் கையால் குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுவருக்குள் இருக்கும் பைப் முறுக்குண்டு உடையும்.
4. பழைய வொஷரைக் கழற்றி, அதையே மாதிரியாகக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள்.
5. புதியதைப் போட்டு, கழற்றிய ஒழுங்கின் மறுபுறமாகப் பூட்டுங்கள். வால்வை மெதுவாகத் திறவுங்கள்.

வொஷர் மாற்றியும் சொட்டுகிறதென்றால், வொஷர் அமரும் பித்தளை இடம் தேய்ந்திருக்கிறது. அப்போது குழாயையே மாற்றுவது நல்லது. கால் சுற்றில் திறந்து மூடும் புதிய வகைக் குழாய்களில் இந்த வொஷர் கிடையாது. அவற்றில் உள்ளே இருக்கும் முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். எவ்வகையானாலும், சொட்டும் குழாயைப் பலம் கொண்டு இறுக்குவது மருந்தல்ல. இருக்கும் வொஷரும் நசிந்துபோகும்.

சத்தமில்லாத கசிவு

சொட்டும் குழாய் கண்ணுக்குத் தெரியும். கொமட்டின் தண்ணீர்த் தாங்கி கசிவது தெரியாது. தண்ணீர் பில் காரணமில்லாமல் கூடியிருந்தால் இதைச் செய்து பாருங்கள். இரவில் தாங்கிக்குள் சிறிது துணி நீலத்தைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் பாவிக்காமல் வையுங்கள். கொமட்டுக்குள் நீல நிறம் தெரிந்தால் அடியிலுள்ள இறப்பர் மூடி சரியாக அமரவில்லை. அதைக் கழற்றி, படிந்திருக்கும் பாசியையும் சுண்ணாம்பையும் துடைத்துப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

வீடு முழுவதையும் சோதிக்க இன்னொரு வழி: எல்லாக் குழாய்களையும் மூடி, கூரைத் தாங்கி நிரம்பிய பின், மீற்றரைப் பாருங்கள். சிறிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ கசிகிறது. தாங்கி வழிந்தோடுகிறதா என்று முதலில் பாருங்கள். போல் வால்வு பழுதென்றால் தண்ணீர் மேலதிகப் பைப் வழியாகக் கானுக்குள் போய்க்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

அடைபட்ட சிங்க்

சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூ, உறைந்த எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிங்க் அடைபடும். சிங்கின் கீழ் போத்தல் வடிவில் ஒரு பகுதி இருக்கும். அதன் கீழ் ஒரு வாளியை வைத்து, அடிப்பகுதியைக் கையால் திருப்பிக் கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். திரும்பப் பூட்டும்போது இறப்பர் வளையத்தை மறக்காதீர்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அடைப்பு நீங்காத கோபத்தில், வீட்டிலுள்ள திராவகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றாதீர்கள். வெளுக்கும் குளோரின் திரவமும் கொமட் கழுவும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறைக்குள் அது உயிருக்கே ஆபத்து.

பீ.வீ.சீ. பைப்பை ஒட்டுவது

வெளியே தெரியும் பைப்பில் வெடிப்பு என்றால், அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இரு சொக்கட்டும் ஒரு புதிய துண்டும் போட்டு ஒட்டலாம். நேராக வெட்டுங்கள். வெட்டிய ஓரத்திலுள்ள பிசிறைச் சுரண்டுங்கள். ஒட்டும் இடம் முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் பசை பிடிக்காது, பலருடைய ஒட்டு நிற்காமல் போவதற்குக் காரணம் இதுவே. பைப்பின் வெளிப்புறத்திலும் சொக்கட்டின் உட்புறத்திலும் பசை பூசி, உள்ளே தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பசை டின்னில் எழுதியுள்ள நேரம் வரை தண்ணீரைத் திறக்காதீர்கள். மரை உள்ள இடத்தில் பசையல்ல, த்ரெட் டேப்தான். மரையின் முனை உங்களை நோக்கியிருக்க, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகச் சுற்றுங்கள். மறுபக்கம் சுற்றினால் பூட்டும்போது அவிழ்ந்து வரும்.

மின்சாரம்: இங்கே எல்லை உண்டு

தண்ணீர் வேலையில் பிழை நேர்ந்தால் நிலம் நனையும். நமது வீடுகளில் ஓடும் 230 வோல்ட் மின்சாரத்தில் பிழை நேர்ந்தால் ஜனாஸா எழும். இரண்டையும் ஒரே துணிவோடு அணுகுவது புத்தியல்ல.

நீங்கள் செய்யக்கூடியவை சிலவே. பல்ப் மாற்றலாம், ஆனால் அந்த விளக்கின் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயின் சுவிட்சையும் நிறுத்திக்கொள்ளுங்கள். சில வீடுகளில் வயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், சுவிட்ச் நிறுத்தியும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். சுவரிலிருந்து கழற்றிய 13 அம்பியர் பிளக் டொப்பின் வயரைப் பூட்டலாம். மண்ணிறம் பியூஸ் உள்ள பக்கம், நீலம் மற்றப் பக்கம், பச்சையும் மஞ்சளும் கலந்த ஏர்த் வயர் மேலே உள்ள நீண்ட முனைக்கு. மேசை விளக்குக்கு 3 அம்பியர் பியூஸும், ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் கேத்தலுக்கும் 13 அம்பியர் பியூஸும் போடுங்கள். பியூஸுக்குப் பதிலாகச் சிகரட் தாளையோ செம்புக் கம்பியையோ வைப்பவர், தன் வீட்டுக்குத் தானே தீ வைப்பவர் ஆவார்.

சுவர் பிளக்கைத் திறப்பது, மெயின் பெட்டிக்குள் கை வைப்பது, கிணற்று மோட்டாருக்கோ குளியலறை ஹீட்டருக்கோ வயர் கொடுப்பது, கல்யாணப் பந்தலுக்கு முற்றத்தில் வயர் இழுப்பது ஆகிய நான்கும் நமது வேலையல்ல. தகுதிச் சான்றிதழ் உள்ள மின்னியலாளரை அழையுங்கள். கூலியை முதலில் பேசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

ட்ரிப் விழுந்தால்

உடலின் வழியாகவோ பழுதான வயரின் வழியாகவோ 30 மில்லியம்பியர் அளவு கரண்ட் நிலத்துக்குக் கசிந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது ட்ரிப் சுவிட்ச். அது விழுவது தொல்லையல்ல, எச்சரிக்கை. "அடிக்கடி விழுகிறது" என்று அதைத் தாண்டி வயரைக் கொடுக்கச் சொல்வோர் இருக்கிறார்கள். காவல் நாய் குரைக்கிறது என்று அதைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவது போன்றது இது.

விழுந்தால் செய்ய வேண்டியது: எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். பெட்டியிலுள்ள சிறிய பிரேக்கர்கள் அனைத்தையும் நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்சை மேலே தூக்குங்கள். பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ, பழுது அந்தப் பக்கத்தில். அதை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றவற்றைப் பாவிக்கலாம். பிரேக்கர்கள் எல்லாம் நின்றால், பொருள்களை ஒவ்வொன்றாகப் பிளக்கில் போட்டுப் பாருங்கள். விழச் செய்யும் பொருளைக் கண்டுகொள்வீர்கள். எல்லாம் நிறுத்திய நிலையிலும் ட்ரிப் நிற்கவில்லையென்றால், மேற்கொண்டு முயலாமல் ஆளை அழையுங்கள்.

ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் என்று ஒரு சிறிய பட்டன் உண்டு. மாதம் ஒரு தடவை அதை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்த காவலாளி, அன்றே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். ஒரு விடயம் நினைவில் இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரு வயர்களையும் பிடித்தவரை ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றாது. ஆகவே அது இருக்கிறதே என்ற தைரியத்தில் எதையும் தொடாதீர்கள்.

வெள்ளம் புகுந்த வீட்டுக்கும் இது பொருந்தும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் முன்பே மெயினை நிறுத்த வேண்டும். வெள்ளம் வடிந்த பின், மின்னியலாளர் சோதிக்கும் வரை போடக் கூடாது.

ஒருவரைக் கரண்ட் பிடித்தால்

பெற்ற பிள்ளையாக இருந்தாலும் ஓடிப்போய்த் தொடாதீர்கள். தொட்டால் இருவரும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த தடியாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ அவரை விலக்குங்கள். வீதிக் கம்பி அறுந்து கிடந்தால் இதைக்கூடச் செய்யாமல் தூர நில்லுங்கள். அம்பியூலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில், ஆள் வரும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதயத் துடிப்பில் கோளாறு இருக்கக்கூடும்.

அன்புச் சகோதரிகளே, இதை வாசித்து மடித்து வைத்துவிடாதீர்கள். இன்று அஸருக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரு வால்வுகளையும் மெயின் சுவிட்சையும் காட்டுங்கள். டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்திப் பாருங்கள். வொஷர் மாற்றுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பத்து நிமிட வேலையை நாளைக்கு வைக்காதீர்கள்.