செடிகளுக்கு ஒரு ஹாஸ்யத் தூதர்

ஹாஸ்ய எழுத்தாளருக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் என்ன சம்பந்தம்? சிரிக்க வைப்பவர் செடிகளுக்காகத் தூது போகலாமா? தாராளமாகப் போகலாம். அவரே அதற்குச் சரியான ஆள் என்பது நம் கட்சி.

அமெரிக்காவில் பிறந்த பில் பிரைசன், இங்கிலாந்தைக் கேலி செய்து எழுதியே அந்நாட்டு மக்களின் அன்பைப் பெற்றவர். அங்குள்ள கிராமப்புறப் பாதுகாப்பு இயக்கம் 2007-ல் அவரைத் தலைவராக்கியது. 2012 வரை அப்பதவியில் இருந்து, சாலையோரக் குப்பையை எதிர்த்துப் பேசினார். அதிகாரி சொன்னால் கசக்கும். சிரிக்க வைத்தவர் சொன்னால் உறைக்கும்.

பூங்காக்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஏன்?

லண்டன் கியூ பூங்காவில் பனை போல் தோன்றும் மரம் ஒன்று உண்டு. பெயர் என்செபலார்டோஸ் உட்டியை. 1895-ல் தென்னாப்பிரிக்கக் காட்டில் கண்டெடுத்தது ஒரே ஒரு மரம், அதுவும் ஆண். அதிலிருந்து 1899-ல் கியூவுக்கு வந்தது இது. காட்டில் இப்போது அந்த இனமே இல்லை. பெண் மரத்தை, ஆளில்லா விமானம் பறக்கவிட்டும் தேடினார்கள். இன்றுவரை வரன் அமையவில்லை!

லத்தீன் பெயரோடு விஞ்ஞானி இதைச் சொன்னால் நாம் கொட்டாவி விடுவோம். ஹாஸ்யக்காரர் சொன்னால் சிரிப்போம். சிரித்து முடித்ததும் நெஞ்சு கனக்கும். பூங்காக்கள் இல்லையேல் இந்தப் பிரம்மசாரியும் இல்லை என்பது புரியும்.

ஒன்று மட்டும் முக்கியம். தூதர் பட்டம் விழா மேடையோடு நின்றுவிடக் கூடாது. அவர் பூங்காவைச் சுற்ற வேண்டும். தோட்டக்காரரிடம் கதை கேட்க வேண்டும். வீடு திரும்பி எழுத வேண்டும். படித்தவர்கள் டிக்கெட் வாங்கி வருவார்கள். செடிகளுக்கு வேண்டியது அதுதான்.