வேலி இருந்தும் காவல் இல்லை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் திட்டம் 1787இல் பிலடெல்பியா நகரில் வரையப்பட்டது. அத்திட்டத்திற்கு முரணான சட்டம் செல்லாது என்று 1803இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டதும் அதே திட்டந்தான். அக்கறையைத் துடைக்க 1868 வரை செல்லவேண்டியிருந்தது.

நமக்கும் ஒரு வேலி கட்டப்பட்டது. ஓர் இனத்தாருக்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது சோல்பரி திட்டத்தின் 29ஆம் பிரிவு. நடந்தது என்ன? 1947இல் வாக்களித்த புசல்லாவை முதலான மலையகத் தோட்டங்களின் மக்களுட் பெரும்பாலோர், 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். வழக்கு பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. தன் குடிகள் யாவரென வரையறுப்பது சட்டசபையின் உரிமையென 1953இல் தீர்ப்பாயிற்று. கொழுந்து பறித்து நாட்டிற்குச் செல்வம் ஈட்டிய கைகளுக்கு வாக்குச்சீட்டு மறுக்கப்பட்டது.

1972இல் அவ்வேலியே பிடுங்கப்பட்டது. எஞ்சிய நாடற்றோருக்கு 2003இல் குடியுரிமை வழங்கப்பட்டது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால், அநீதி மீண்டும் நேராதிருக்க உறுதி எங்கே? மசோதா சட்டமானபின் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை.

வேலி நட்டால் மட்டும் பயிர் பிழைக்காதென்பதை உழவர் அறிவர், காவலனும் வேண்டும். இயற்றப்பட்ட சட்டத்தையும் ஆராயும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்கு அளிக்கவேண்டும். நாம் கேட்பது சலுகையன்று, காவல்!