ஒரே யானை

பத்து வருடமாக ஹாலண்ட் அமெரிக்காவைத் தவிர வேறு கப்பலில் கால் வைக்காத மயாமி நண்பர், இந்த முறை விலையைப் பார்த்துவிட்டு கார்னிவலில் ஏறினார். ஐஸ்கிரீம் மெஷின் முன்னால் பிள்ளைகள் கூட்டம், குளத்தோரம் ஓயாத பாட்டு. அறைக்குள் போனால், துண்டை மடித்துச் செய்த அதே பழைய யானை கட்டிலில் உட்கார்ந்திருக்கிறதாம்! ஆச்சரியமில்லை. 1972-இல் முதல் பயணத்திலேயே மயாமிக்கு வெளியே மணல்திட்டில் தட்டி நின்றது கார்னிவலின் கப்பல். அந்தக் கம்பெனிதான் 1873-இல் பிறந்த ஹாலண்ட் அமெரிக்காவை 1989-இல் வாங்கியது. நண்பர் கூடுதலாகக் கொடுத்ததும் இப்போது மிச்சம் பிடித்ததும் ஒரே கல்லாக் கணக்கு. அவருக்கு வருத்தமொன்றுமில்லை, யானையின் தும்பிக்கை இங்கேதான் எடுப்பாக இருந்ததாம்.