பிரித்து வாங்கினால் தப்பிக்கலாமா?

பெரிய ஆர்டர் வந்ததும் நம் ஊர் வியாபாரி முதலில் சொல்வது இதுதான்: "மொத்தமா போடாதீங்க சார், அக்கவுண்ட் லாக் ஆயிடும். இருபது இருபதா அனுப்புங்க. மிச்சத்தை மச்சான் நம்பருக்குப் போட்டுடுங்க." இளம்பிள்ளையில் சேலை விற்பவர், கரூரில் பெட்ஷீட் விற்பவர், வாட்ஸ்அப்பில் கவரிங் நகை விற்கும் இல்லத்தரசி எனப் பலரும் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், கணக்கு முடங்க வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இது ரொக்க காலத்துப் பழக்கம். ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டினால் அப்போது வங்கியில் பான் எண் கேட்டார்கள். அதனால் 49,000 கட்டிப் பழகினோம். (அதுவும் பெரிய சாமர்த்தியமில்லை. ஒன்றோடொன்று தொடர்புள்ள சிறு சிறு ரொக்க வரவுகள் ஒரே மாதத்தில் 10 லட்சத்தைத் தாண்டினாலும் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு வங்கி அறிக்கை அனுப்பியாக வேண்டும்.) அந்த வித்தை யுபிஐயில் சுத்தமாகச் செல்லாது. யாரிடமிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு என்று ஒவ்வொரு வரவும் தனி எண்ணோடு பதிவாகிறது. ஒன்பதாகப் பிரித்தால் ஒன்பது பதிவு, அவ்வளவுதான்.

ஒரு சேமிப்புக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் 800, 1,200 என்று வரவு. திடீரென ஒரு மதியம் ஒரு மணி நேரத்துக்குள் 20,000 ரூபாய் ஒன்பது முறை விழுகிறது. வந்த கையோடு பாதி தறிக்காரருக்கும் நூல் கடைக்கும் போகிறது. சேலைக்காரருக்கு இது அன்றாட வியாபாரம். மோசடிக் கும்பல் வாடகைக்கு எடுக்கும் கணக்கும் அச்சு அசலாக இப்படித்தான் நடந்துகொள்ளும்: துண்டு துண்டாக வரும், நிற்காமல் வெளியேறும். வங்கியின் கணினிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 1,80,000 ரூபாய் ஒரே வரவாக வந்திருந்தால், கேள்வி எழுந்தாலும் ஒரு பில்லைக் காட்டிப் பேசியிருக்கலாம்.

தொகை பெரிதாக இருப்பதால்தான் முடக்குகிறார்கள் என்ற எண்ணமே தப்பு. எங்கோ ஒருவர் ஏமாந்து சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்தால், அந்தப் பணம் கடந்துபோன கணக்குகளையெல்லாம் சைபர் போலீஸ் தொடர்ந்து வரும். அதில் 500 ரூபாய் உங்கள் கடைக்கு வந்திருந்தாலும் லியன், அதாவது பணத்தை எடுக்க முடியாதபடி தடை, விழலாம். "என் ஃப்ரெண்டுங்க அஞ்சு பேர் போடுவாங்க" என்று வாங்குபவர் சொல்லும்போது தலையாட்டினால், முன்பின் தெரியாத ஐந்து பேருடைய வில்லங்கத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள். மச்சானையும் இழுத்துவிடுகிறீர்கள்.

வரிக்குப் பயந்து பிரிப்பவர்களிடம் பேச எனக்கு எதுவும் இல்லை. 2025-இல் யுபிஐ வரவை வைத்தே கர்நாடகத்தில் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போன செய்தியை அவர்களும் படித்திருப்பார்கள்.

நான் வங்கிகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், எந்த மாநிலத்துப் போலீஸ் கேட்டது என்ற விவரம்கூடத் தராமல், முழுக் கணக்கையும் பூட்டுவது அநியாயம். புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்ற திசையில் கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும் சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்தத் தீர்ப்புகளைத் தூக்கிக்கொண்டு போகவும், இந்தப் பணம் இந்தச் சரக்குக்கு வந்தது என்று நிரூபிக்கும் காகிதம் கையில் வேண்டும். மூன்று பேர் கணக்கில் சிதறிய பணத்துக்கு எந்த பில்லைப் பொருத்துவீர்கள்?

தொழிலுக்கென ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். கேஒய்சியைப் புதுப்பித்து வையுங்கள். பெரிய தொகை வரப்போகிறதென்றால் கிளைக்கு முன்னதாகவே எழுதித் தெரிவியுங்கள். பில், பார்சல் ரசீது, ஆர்டர் பேசிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். சரக்கு வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே நெஃப்டில் பணம் கேளுங்கள். 2019 டிசம்பரிலிருந்து அது 24 மணி நேரமும் இயங்குகிறது. பில்லில் உள்ள பெயரும் பணம் வந்த பெயரும் ஒத்துப்போகவில்லையென்றால், எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் பார்சலைக் கட்டாதீர்கள்.