ஸ்பைரல் பைண்டிங்குக்கு எத்தனை மதிப்பெண்?

பொத்தேரி ஜெராக்ஸ் கடைகளில் மாலையானால் பள்ளிச் சீருடைக் கூட்டம். "ஹிஸ்டரி ப்ராஜெக்ட், பத்துப் பக்கம், கலர்" என்றால் போதும். தேடலில் முதலில் வந்தது அப்படியே அச்சாகிறது. பக்கத்தின் அடியில் இணைய முகவரிகூட அழியவில்லை. மேலே பளபள அட்டை.

பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. எங்கே தேடுவதென்று சொல்லித் தந்தவர் யார்?

ப்ராஜெக்டுக்கு வேண்டிய வரலாறு அருகிலேயே இருக்கிறது. பொத்தேரி வழியே போகும் ரயில் தடத்தில் வடக்கே பல்லாவரம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த கற்கோடரியிலிருந்துதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வே கிளைத்தது. தெற்கே இரண்டாவது நிறுத்தம் மறைமலை நகர். பெயருக்குரிய தமிழறிஞர் மறைமலை அடிகள் வாழ்ந்ததோ அதே பல்லாவரத்தில்! அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். சங்க இலக்கியத்துக்கு, 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பு இருக்கிறது. ஈழத்து இதழ்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம்.

ஒன்று சொல்ல வேண்டும். மின்னூலகத்தின் பழைய நூல்கள் பலவும் ஸ்கேன் செய்த பக்கப் படங்கள். சொல்லைத் தட்டித் தேட வராது. பொருளடக்கத்தைப் பார்த்துப் புரட்டத்தான் வேண்டும். கைப்பேசியில் அது சற்றே சள்ளை பிடித்த வேலை. ஆனால், அப்படிப் புரட்டும்போது கண்ணில் படுகிற வேறொரு பக்கம்தான் பல நேரம் நல்ல கட்டுரையாகிறது.

பைண்டிங்குக்குப் போடும் ஐந்து மதிப்பெண்ணை, எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று மாணவர் தம் கையால் எழுதுவதற்குப் போடட்டும் பள்ளிகள். கலர் பிரிண்ட் செலவாவது பெற்றோருக்கு மிஞ்சும்.